மிச்சம் பிடித்த காசு யாருடையது?

சிக்கனம் நற்பண்பு, உலோபம் தீக்குணம். இவ்வளவும் நம் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆனால், சிக்கனம் எந்த இடத்தில் முடிகிறது, உலோபம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கேட்டால் பெரியவர்களுக்கும் சட்டென்று பதில் வருவதில்லை. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பிறருக்குச் சேரவேண்டியதைச் சிக்கனம் என்ற பெயரால் நாம் எடுத்துக்கொள்வதே அது. இம்மூன்றையும் பிரித்தறியப் பெரிய வியாபாரமோ பாகப்பிரிவினையோ வேண்டியதில்லை. விடுமுறைக்குப் போன இடத்தில் வாங்கும் ஒரு குவளைப் பானமே போதும். அதைப் பற்றித்தான் இங்கே சிறிது சிந்திக்க விரும்புகிறேன்.

நம் தீவில் விடுமுறை என்றதும் நினைவுக்கு வருவது பத்து பெரிங்கி. பெரிங்கி என்பது வேறொன்றுமன்று. நாம் பறங்கி என்கிறோமே, அதே சொல்தான். பறங்கிப் பாறை என்று பொருள் சொல்லலாம். அங்கே 1948-ல் லோன் பைன் என்ற சிறு விடுதி தோன்றியது. 1973-ல் ராசா சாயாங் திறக்கப்பட்டது. அதன்பின் கடற்கரை நெடுகப் பெரிய ஓட்டல்கள் எழுந்தன. ஒரு காலத்தில் அங்கெல்லாம் வெள்ளைக்காரரும் பெருஞ்செல்வரும்தான் தங்குவார்கள் என்று நாம் எண்ணியிருந்தோம். இன்று அப்படியில்லை. ஜார்ஜ்டவுனில் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரண்டு இரவு தங்கி வருகிறார். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினரை அங்கே அழைத்துச் செல்வதும் வழக்கமாகிவிட்டது. இது நல்லதே. உழைத்தவன் இளைப்பாறுவது குற்றமன்று.

அறை வாடகைக்குப் பல மாதங்கள் சேர்த்து வைத்துவிடுகிறோம். ஆனால், அங்கே போய் அமர்ந்ததும் நம்மை மலைக்க வைப்பது பானத்தின் விலைதான். பட்டியலில் ஒரு பழச்சாற்றின் விலை 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலே இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். நூற்றுக்குப் 10 சேவைக் கட்டணம், நூற்றுக்கு 6 சேவை வரி என்பது அவற்றின் பொருள். ஆக, 20 வெள்ளிச் சாறு 23 வெள்ளிக்கு மேல் போய்விடும். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என்று ஐவர் அமர்ந்து ஆளுக்கொன்று குடித்தால் 115 வெள்ளியைத் தாண்டும். வெயிலோ கொளுத்துகிறது; பிள்ளைகளோ நீச்சல் குளத்திலிருந்து ஏறும்போதெல்லாம் தாகம் என்கிறார்கள். தகப்பன் என்ன செய்வான்?

அண்மையில் இஷா தொழுகைக்குப் பின் தேநீர்க் கடையில் அமர்ந்து நண்பர்கள் சிலர் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவரவர் கையாண்ட உபாயங்களைப் பெருமையோடு எடுத்துரைத்தார்கள். ஒருவர், டவுனிலேயே பெரிய தண்ணீர்ப் போத்தல்களை வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாராம். இன்னொருவர், காலைப் பலகார வேளையில் மேசைமேல் இருக்கும் பழச்சாற்றைப் போத்தல்களில் நிரப்பிக்கொண்டு வந்து பகல் முழுவதும் பயன்படுத்துவாராம். மூன்றாமவர், அறையிலுள்ள சிறு குளிர்ப்பெட்டியிலிருந்து பானத்தை எடுத்துக் குடித்துவிட்டு, மாலையில் சாலையோரக் கடையில் அதே பானத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி அதே இடத்தில் வைத்துவிடுவாராம். நான்காமவர், ஒருமுறை விலை கொடுத்தால் ஒருவர் எத்தனை முறையும் நிரப்பிக்கொள்ளலாம் என்று விதி வைத்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு குவளை வாங்கி, குடும்பமே குடித்துத் தீர்க்குமாம்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு என்னை உறுத்திற்று. இந்த நான்கும் ஒரே வகையைச் சேர்ந்தவைதாமா? நான்கையும் சிக்கனம் என்ற ஒரே சொல்லால் அழைக்கலாமா?

முதலில் இந்த நண்பர்களின் கட்சியை நேர்மையாக எடுத்துச் சொல்லிவிடுவோம். “கடையில் இரண்டு வெள்ளிக்கு விற்கும் பானத்தைப் பத்து வெள்ளிக்கு விற்பது கொள்ளையல்லவா? கொள்ளையடிப்பவனிடம் நாம் கொஞ்சம் சாமர்த்தியமாக நடந்துகொண்டால் என்ன பாவம்? மேலும் அது கோடி கோடியாகப் பணம் புரளும் கம்பெனி. ஒரு போத்தல் சாறு அதற்குக் கடலில் ஒரு துளி.” இதுதான் அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும்.

ஆனால் சகோதரர்களே, இந்த வாதத்தைச் சொல்லும் உரிமை மற்றெவர்க்கு இருந்தாலும் நமக்கு இல்லை. ஏனெனில் நம் முன்னோரில் பலர் பானம் விற்றுப் பிழைத்தவர்கள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தெருவோரத்தில் சரபத் கடை வைத்து, கப்பல் துறையில் சுமை தூக்கியவருக்கும் வண்டி ஓட்டியவருக்கும் தேநீர் ஆற்றிக் கொடுத்தவர்கள். இந்நாட்டவர் அனைவரும் தம்முடையது என்று கொண்டாடும் தே தாரிக், அக்கடைகளில் ஆற்றிய கையின் வேலையே. இன்றும் நம்மவர் பலருக்கு நாசி கண்டார் கடையும் தேநீர்க் கடையுமே வாழ்வு. ஒரு குவளைத் தேநீரில் தூளின் விலை எவ்வளவு, பாலின் விலை எவ்வளவு, கடை வாடகை எவ்வளவு, ஆள் சம்பளம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாதா? நான்கு பேர் வந்து ஒரு தேநீரும் மூன்று வெறுங்குவளையும் கேட்டு, மின்விசிறியின் கீழ் இரண்டு மணி நேரம் பந்தாட்டம் பார்த்துவிட்டுப் போனால் கல்லாவில் இருப்பவர் மனம் என்ன பாடுபடும் என்பதும் நமக்குத் தெரியும். வெறும் சுடுதண்ணீருக்குச் சில காசு வாங்கினால், “தண்ணீருக்குமா காசு?” என்று முணுமுணுப்பவருக்கு, “குவளை கழுவுகிறவனுக்குச் சம்பளம் நீ கொடுப்பாயா?” என்று மனத்துக்குள் பதில் சொல்பவர்களும் நாம்தாம். நம் கடையில் நியாயமாகப் படுவது அடுத்தவன் கடையில் கொள்ளையாகிவிடுமா?

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. இந்தியாவில் போத்தல் தண்ணீரின்மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். அதற்குமேல் ஓட்டல்கள் விலை வைக்கலாமா என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. வைக்கலாம் என்று 2017 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓட்டலுக்குப் போகிறவர் வெறும் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு திரும்புவதற்காகப் போவதில்லை. அங்கே அமர்ந்து அந்த இடத்தின் வசதியையும் அனுபவிக்கிறார் என்பது அதன் கருத்து. அந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் உவப்பாய் இருக்கவேண்டுமென்பதில்லை. ஆனால் ஒன்றை அது தெளிவாக்குகிறது. ஓட்டலில் விற்கப்படும் பானம் பானம் மட்டுமன்று. நாற்காலி, நிழல், கடற்காற்று, கொண்டுவந்து வைக்கும் கை எல்லாம் அதனுள் அடக்கம்.

அதிக விலையென்று தோன்றினால் வாங்காமல் இருக்க நமக்கு முழு உரிமை உண்டு. அதுவே வாங்குபவனின் பலம். எவரும் நம் வாயைத் திறந்து ஊற்றுவதில்லை. “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை வேறு. “வேண்டும், ஆனால் விலை கொடுக்கமாட்டேன்” என்பது வேறு. முதலாவது சிக்கனம். இரண்டாவதற்கு என்ன பெயர் என்பதை நான் எழுதவேண்டியதில்லை.

இப்படியெல்லாம் எழுதும் நான் ஏதோ தூய்மையானவன் என்று வாசகர்கள் எண்ணிவிடக்கூடாது. எனவே, என் குற்றம் ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் குடும்பத்தோடு பத்து பெரிங்கியில் இரண்டு இரவு தங்கினேன். ஓட்டலின் பெயர் வேண்டாம், குற்றம் அதனுடையதன்று. முதல் நாள் பானங்களுக்கு ஆன செலவைப் பார்த்து எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் போகும்போது மனைவியின் கைப்பையில் இரண்டு வெறும் போத்தல்களை வைத்துக்கொண்டேன். எல்லோரும் உண்டு முடித்தபின், ஆரஞ்சுச் சாற்றைக் குவளை குவளையாகக் கொண்டுவந்து, மேசைக்குக் கீழே வைத்துப் போத்தலில் ஊற்றினேன். மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது மகள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது போத்தல் பாதி நிறைந்தபோது, தட்டுகளை எடுக்க வந்த பணியாளர் அருகே நின்றார். ஐம்பது வயதைத் தாண்டிய நம் தமிழர். என் கையைப் பார்த்தார். பிறகு சமையற்கட்டின் வாசலைப் பார்த்தார். குனிந்து, தட்டுகளை அடுக்குவதுபோல என்னை மறைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: “பாய், சீக்கிரம் பைக்குள்ள வச்சிடுங்க. சூப்பர்வைசர் வர்றாரு.”

வைத்துவிட்டேன். அவரும் போய்விட்டார். மின்தூக்கியில் ஏறியதும் மகள் கேட்டாள்: “அத்தா, அந்த மாமா ஏன் பயந்தாங்க?”

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் பயப்படவில்லை; வாடகை கொடுத்துத் தங்கியிருக்கும் விருந்தாளியை யார் என்ன செய்துவிடமுடியும்? பயந்தவர் அவர். கண்டும் காணாதவர்போல் இருந்தார் என்று எவரேனும் சொன்னால் கேள்வி அவரிடந்தான் வரும். சில வெள்ளிகளை மிச்சப்படுத்த எண்ணிய நான், முன்பின் அறியாத ஒருவரை என் களவுக்குக் காவல் நிற்க வைத்துவிட்டேன். அவரும் நம் மொழி பேசுகிறவன் என்ற இரக்கத்தால் அதைச் செய்தார். அவருடைய நல்ல குணத்தையும் நான் மலிவாக வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலை அவரைத் தேடினேன். அன்று அவருக்கு விடுப்பு என்றார்கள். முன்கூடத்தில் இருந்த பெண்ணிடம் நடந்ததைச் சொல்லி அதற்குரிய விலையைக் கொடுக்க முன்வந்தேன். அவள் சிரித்துக்கொண்டே, “பரவாயில்லை ஐயா” என்றாள். ஓட்டலுக்கு நான் பட்ட கடன் அந்த ஒரு சொல்லில் தீர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், எனக்காகப் பயந்து நின்ற அந்த மனிதருக்குப் பட்ட கடனை அவள் எப்படித் தள்ளுபடி செய்யமுடியும்? அது இன்றும் என் கணக்கில்தான் நிற்கிறது.

அன்றிலிருந்து, மிச்சம் பிடிக்கும் ஒவ்வோர் உபாயத்தையும் மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்க்கிறேன். நான் மிச்சம் பிடித்த காசை உண்மையில் கொடுப்பவர் யார்? அருகே நிற்கும் பணியாளர் பார்த்துக்கொண்டிருக்க இதை நான் செய்யமுடியுமா? நாளை என் பிள்ளை இதையே தன் கடையிலோ அலுவலகத்திலோ செய்தால் நான் மகிழ்வேனா? இம்மூன்றுக்கும் நிமிர்ந்து நின்று பதில் சொல்ல முடிந்தால் அது சிக்கனம். ஒன்றுக்கேனும் தலை குனிந்தால் அது சிக்கனமன்று.

நண்பர்களின் நான்கு உபாயங்களையும் இப்போது இந்தத் தராசில் வைப்போம்.

டவுனிலிருந்து தண்ணீர் கொண்டு போகிறவர் குறைத்துக்கொள்வது தம் செலவை. அதற்கு விலை கொடுப்பதும் தம் உழைப்பாலேயே. அவரே வாங்கி, அவரே சுமக்கிறார். தம் அறையில் அமர்ந்து தம் தண்ணீரைக் குடிப்பதில் ஒளிக்க வேண்டியது எதுவுமில்லை. குளத்தருகே வெளிப்பானம் கூடாதென்று பலகை வைத்திருந்தால் அங்கே குடிக்காமலிருப்பது மரியாதை. அவ்வளவே. இது சுத்தமான சிக்கனம்.

காலைப் பலகாரச் சாற்றை நிரப்பிக்கொள்பவர் என்னைப் போன்றவர். “காசு கொடுத்துத்தானே தின்கிறோம்?” என்பார். கொடுத்த காசு அங்கே அமர்ந்து வயிறார உண்பதற்கு, கட்டிக்கொண்டு போவதற்கன்று. இது நமக்குப் புதிய சட்டமுமன்று. விருந்துக்கு அழைக்கப்பட்டவர் முன்னால் வைத்ததை உண்ணலாம். விருந்தளிப்பவர் மனம் ஒப்புவார் என்று அறிந்தாலன்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது என்பது ஷாஃபிஈ சட்ட நூல்களில் நம் ஆலிம்கள் ஓதிக்கொடுக்கும் செய்தி. நம் கலியாண வீடுகளில் நெய்ச்சோற்றைப் பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அது வீட்டார் மனமுவந்து கொடுப்பது. கொடுத்த பொட்டலத்துக்கும் எடுத்த பொட்டலத்துக்கும் சோற்றில் வேற்றுமை இல்லை, மனத்தில்தான் வேற்றுமை. ஆகவே, பணியாளரிடம் நேரே, “பிள்ளைக்கு ஒரு போத்தலில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டுவிடுங்கள். சரியென்றால் அது உங்களுக்கு ஆகுமானது. கூடாதென்றால் ஒரு சொல்தானே செலவு!

குளிர்ப்பெட்டியில் வேறு போத்தல் வாங்கி வைக்கும் நண்பரின் வாதம்தான் நால்வரில் மிக நுட்பமானது. “எடுத்ததற்குச் சமமான பொருளைத் திருப்பி வைத்துவிட்டேன். யாருக்கு என்ன நட்டம்?” என்கிறார். கடன் வாங்கிய பொருளாக இருந்தால் இந்த வாதம் செல்லும். ஆனால் ஓட்டல் அந்தப் பானத்தை அவருக்குக் கடனாகக் கொடுக்கவில்லை. விலையை எழுதி, விற்பனைக்கு வைத்திருக்கிறது. எழுதிய விலையைப் பார்த்து மூடியைத் திறந்தவர் அந்த விலைக்கு ஒப்புக்கொண்டவரே. பேச்சு முடிந்தபின் விலையை மாற்ற ஒருவருக்கு மட்டும் உரிமையில்லை. நம் கடையில் ஒருவர் சோடாவை எடுத்துக் குடித்துவிட்டு, மொத்தக் கடையில் அதை மலிவாக வாங்கி வந்து, “இதோ உன் சோடா” என்று வைத்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? மேலும், அவர் வைத்த போத்தலின் காலாவதித் தேதி என்ன, மூடி சரியாக இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அடுத்து வந்து தங்குபவர், ஓட்டல் வைத்ததென்று நம்பிக் குடிக்கப்போகிறார்.

ஒரே குவளையில் ஐவர் குடிக்கும் குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். ஒருவருக்கென்று வைத்த விதியை ஐவருக்கு விரிப்பது வாக்கை மீறுவது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. “கேட்டால் நான்தான் குடித்தேன் என்று சொல்” எனப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அந்தப் பாடம். பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் கட்டி ஒழுக்கம் படிக்க அனுப்பிவிட்டு, விடுமுறையில் கட்டணமில்லாமல் பொய் கற்றுக்கொடுக்கிறோம்.

“பெரிய கம்பெனிக்கு இது ஒரு துளி” என்ற வாதம் மிச்சமிருக்கிறது. சிறுதுளி பெருவெள்ளம் என்று நம் பிள்ளைகளுக்கு உண்டியல் வாங்கிக் கொடுப்பவர்கள் நாம்தாம். நமக்கு வரும்போது வெள்ளமாகும் துளி, பிறரிடமிருந்து போகும்போது மட்டும் துளியாகவே நின்றுவிடுமா? அந்தத் துளி முதலாளியின் பையிலிருந்துதான் போகிறது என்பதற்கும் உறுதியில்லை. குறையும் சரக்குக்கு எங்கோ ஒரு கணக்கு எழுதப்படும். விலை ஏறினால் அடுத்து வரும் குடும்பம் கொடுக்கும். கண்டிப்பு வந்தால் தட்டெடுக்கும் கை வாங்கிக்கொள்ளும்.

பட்டியலில் வரும் சேவைக் கட்டணத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. அதை ஓட்டல் முதலாளியின் லாபம் என்று பலர் எண்ணிக்கொண்டு முகம் சுளிக்கிறார்கள். அது தொழிலாளருக்குச் சேரவேண்டியது. குறைந்தபட்ச சம்பளத்தை நிரப்புவதற்கு ஓட்டல் அதை எடுத்துப் பயன்படுத்தலாகாது என்று இந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. ஓட்டல் தொழிலாளர் சங்கம் வழக்காடிப் பெற்ற தீர்ப்பு அது. ஆகவே, அந்த நூற்றுக்குப் 10 என்பது தட்டெடுத்தவரின், அறை துடைத்தவரின் வீட்டு அடுப்புக்குப் போகவேண்டிய பணம். நாம் ஒன்றும் வாங்காமல் இருந்தால் அவர்களுக்கு அநியாயம் செய்தவர்களாக மாட்டோம். ஆனால் அவர்கள் கையால் வாங்கி உண்டுவிட்டு, அவர்களுக்குரியதை மட்டும் குறைக்க வாதாடுவது ஈரமுள்ள செயலாகாது.

இவ்வளவும் சொன்னதால், விலையைப் பாராமல் அள்ளிக் கொடுங்கள் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். அடுத்த மேசைக்காரர் பார்க்கவேண்டும் என்பதற்காக வண்ண வண்ணப் பானங்களை வரவழைத்து, பாதி குடித்து, பாதியை வைத்துவிட்டு எழுந்திருப்பவர்களும் நம்மிடையே உண்டு. வீண்விரயம், உலோபம் என்ற இரண்டு பள்ளங்களுக்கும் நடுவேயுள்ள வரப்பில் நடக்கும்படிதான் நம் மார்க்கம் நமக்குக் காட்டியிருக்கிறது.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். பிறரை ஏமாற்றமாட்டார்கள், ஆனால் வீட்டாரை வாடவிடுவார்கள். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று சொல்கிறோமே, அவர்கள். பிள்ளை ஓர் இளநீர் கேட்டால், “அறையில் போய்த் தண்ணீர் குடி” என்பார்கள். ஊருக்குத் திரும்பி, “இரண்டு நாளில் பானத்துக்கு ஒரு காசு செலவழிக்கவில்லை” என்று மார்தட்டுவார்கள். அந்த மிச்சத்துக்கு விலை கொடுத்தது யார்? மனைவி மக்களின் தாகம் கொடுத்தது. சிக்கனத்தைத் தன்னிடமிருந்து தொடங்குகிறவன் சிக்கனக்காரன். பிறர் தொண்டையிலிருந்து தொடங்குகிறவன் உலோபி.

கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பது பழமொழி. இரண்டு வெள்ளிப் போத்தலுக்காக மேசைக்குக் கீழே குனிபவர், “வாடகை கொடுத்தாயிற்றே” என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குகிறார். ஆளில்லா அறைக்குக் குளிர்காற்றை ஓடவிடுகிறார். நம் தீவுக்குத் தண்ணீர் சும்மா வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் தண்ணீர்மலை அருவி நகரத்தின் தாகத்தைத் தீர்த்தது. பிறகு 1962-ல் ஆயர் ஈத்தாம் அணையும், 1999-ல் பத்து பெரிங்கிக்கு அப்பால் தெலுக் பஹாங் அணையும் கட்டி முடிக்கப்பட்டன. இன்று நாம் குடிக்கும் நீரில் பெரும்பகுதி கெடாவிலிருந்து ஓடிவரும் மூடா ஆற்றினுடையது. தன் பணப்பையில் மட்டும் சிக்கனம் பார்த்து, எல்லோருக்கும் பொதுவான தண்ணீரை வீணாக்குபவரைச் சிக்கனக்காரர் என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் குறைந்த சம்பளக்காரர் என்ன செய்யலாம்? நேர்வழியில் மிச்சம் பிடிக்க வழிகள் நிறைய இருக்கின்றன. அறைகளில் பெரும்பாலும் கொதிகலன் இருக்கும்; குழாய்த் தண்ணீரை இரவே காய்ச்சி ஆறவைத்தால் மறுநாளுக்கு ஆகும். வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்கில் தேநீரும், ஒரு போத்தலில் நன்னாரி சர்பத்தும் கொண்டு போகலாம். அறையில் தங்குவோருக்கென வைக்கும் தண்ணீர்ப் போத்தலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்னும் வேண்டுமானால் கூச்சப்படாமல் கேட்கலாம். ஓட்டல் வாசலைத் தாண்டினால் சாலையோரக் கடைகள் இருக்கின்றன. மாலையில் இரவுச் சந்தை கூடுகிறது. அங்கே இளநீரும் தேநீரும் அருந்தினால் நம் காசும் மிச்சம். சிறு வியாபாரி ஒருவருக்கும் பிழைப்பு. கடற்கரையோ பொதுவானது. மணலில் பாய் விரித்து, கொண்டுவந்த தேநீரைக் குடும்பத்தோடு குடிக்க எவரிடமும் அனுமதி கேட்கவேண்டாம்; வெறும் போத்தல்களை மட்டும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். அறை வாடகையே பாரமென்றால், ஜார்ஜ்டவுனிலிருந்து 101-ஆம் எண் பஸ்ஸில் ஏறிக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். கடல் வாடகை கேட்பதில்லை.

இவற்றோடு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் ஒருவேளையாவது, கணக்குப் பார்த்து முன்பே ஒதுக்கி வைத்த காசில், பிள்ளைகளுக்கு அவர்கள் ஆசைப்பட்ட பானத்தை வாங்கிக் கொடுங்கள். விலையைச் சொல்லிக் காட்டாமல் வாங்கிக் கொடுங்கள். சிக்கனமாக இருப்பதே, கொடுக்கவேண்டிய வேளையில் கை கூசாமல் கொடுப்பதற்காகத்தான்.

நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் பானங்களுக்குக் குறைவில்லை. ரமலானில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சி, வந்தவர்க்கெல்லாம் வழங்குகிறார்கள். தைப்பூசத்தில் நம் இந்து சகோதரர்கள் தண்ணீர்மலைச் சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைத்து, இன்னார் இனியார் என்று பாராமல் கொடுக்கிறார்கள். அங்கே வாங்கிக் குடிப்பவர் எவரும் குனிந்து ஒளிப்பதில்லை, நிமிர்ந்து நின்று குடிக்கிறார், குடித்துவிட்டு வாழ்த்துகிறார். கொடுப்பவரும் சிரிக்கிறார், வாங்குபவரும் சிரிக்கிறார். மேசைக்குக் கீழே நான் நிரப்பிய அந்தச் சாறும் இலவசந்தான். ஆனால் அதைக் குடிக்கும்போது எங்களில் எவரும் சிரிக்கவில்லை.

என் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். அந்தக் கேள்வியை அவள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அடுத்த விடுமுறைக்குப் பை கட்டும் சகோதர சகோதரிகளும் அதை ஒரு கணம் நினைத்துக்கொள்ளட்டும். நாம் மிச்சம் பிடிக்கும் காசு நம்முடையதாக இருக்கட்டும்; அதற்காகப் பயந்து நிற்கும் மனிதர் ஒருவரும் இல்லாதிருக்கட்டும். சிந்திப்போமாக!